தழும்பின் மேல் பழி போடாதே

அன்புள்ள மாலதி,

பாஸ்கர் தன் கையாலேயே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டான் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மூன்று முறை படித்தேன். அவன் விழுந்த அன்று போனில் நீ அழுத குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஐந்து மாதத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டான். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்ததற்குத்தான் இந்தக் கடிதம். மூளைக்குள் தழும்பு விழுந்துவிட்டது என்கிறார்களே, அந்தப் பாழாய்ப்போன தழும்பைக் கரைக்க ஒரு வழியும் இல்லையா என்று கேட்டாய். மூளை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதை எதிரியாகத்தான் பார்த்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

மூளையில் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் வேறு செல்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கிளியா செல்கள். கிளியா என்றால் கிரேக்க மொழியில் பசை. 1856இல் விர்ச்சோ என்ற ஜெர்மானிய மருத்துவர் வைத்த பெயர் அது. நரம்பணுக்களை ஒட்டி வைக்கும் பசை என்று அவர் எண்ணினார். பாவம், அந்தச் செல்களுக்கு இத்தனை காலம் மரியாதை கிடைக்காமல் போனதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அடிபட்டதும் முதலில் வருவது மைக்ரோகிளியா, கிளியாவில் காவல் வேலை பார்க்கும் வகை. உயிருள்ள எலியின் மூளைக்குள் இதை நேரடியாகப் படம் பிடித்து 2005இல் வெளியிட்டார்கள். காயமே இல்லாதபோதும் அந்தச் செல்கள் மெல்லிய கைகளை நீட்டி, மடக்கி, சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. லேசர் ஒளியால் மிகச் சிறிய ஒரு புள்ளியைச் சுட்டதும், நாலா பக்கமிருந்தும் கைகள் அந்த இடத்தை நோக்கி நீளுகின்றன. உடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கைகள் மட்டும் போகின்றன. அரை மணி நேரத்துக்குள் புண்ணைச் சுற்றி வேலி கட்டிவிடுகின்றன. அவற்றைக் கூப்பிடுவது ஏடிபி. எந்தச் செல்லும் உள்ளே வைத்துக்கொண்டு பிழைக்கிற சக்திப் பொருள் அது. வீட்டுக்குள் இருக்க வேண்டிய சாமான் தெருவில் இறைந்து கிடந்தால், ஏதோ விபரீதம் என்று யாருக்கும் தெரியுமல்லவா? அப்படித்தான்.

அடுத்தது ஆஸ்ட்ரோசைட், நட்சத்திர வடிவக் கிளியா செல். நரம்பணுக்கள் வெளியே விடும் பொட்டாசியத்தையும், அவை செய்தி அனுப்பப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளையும் உடனுக்குடன் துடைத்து எடுப்பது இதன் அன்றாட வேலை. தலையில் அடி விழும்போது இதன் சவ்வு இழுபடுகிறது; சில நொடிகளில் உள்ளே கால்சியம் ஏறுகிறது. வெளியே குளூட்டமேட்டும் பொட்டாசியமும் வெள்ளமாய்ப் பெருகுகின்றன. அவற்றை அள்ளி அள்ளி விழுங்கும்போது தண்ணீரும் கூடவே புகுந்து செல் வீங்குகிறது. முதல் சில நாட்கள் டாக்டர்கள் வீக்கம், வீக்கம் என்று பயந்தார்களே, அதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

தழும்பு அதற்குப் பிறகுதான். நேற்றுகூட ஒரு ஸ்லைடு பார்த்தேன். எலியின் மூளை, காயம்பட்டு இரண்டு வாரம். ஆஸ்ட்ரோசைட்டுகளில் இருக்கும், ஜிஃபாப் என்று நாங்கள் சொல்லும் புரதத்துக்குச் சாயம் ஏற்றியிருந்தோம். காயத்துக்குத் தொலைவில் ஆஸ்ட்ரோசைட்டுகள் மெல்லிய நட்சத்திரங்களாக, ஒன்றின் எல்லையில் இன்னொன்று அதிகம் நுழையாமல் இருந்தன. காயத்தின் ஓரத்துக்கு நகர்த்தினேன். அங்கே கைகள் தடித்து, ஒரே திசையில் படிந்து, மூங்கில் தட்டி போலப் பின்னிக் கிடந்தன. அதுதான் தழும்பு. தட்டிக்கு உள்ளே சிதைந்த செல்களும் அழற்சிச் செல்களும். வெளியே, மயிரிழைத் தூரத்தில், உயிரோடு நரம்பணுக்கள்.

அந்தத் தட்டியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று தண்டுவடத்தில் அடிபட்ட எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். 2004இல் வந்த ஆய்வு அது. பெருகும் ஆஸ்ட்ரோசைட்டுகளை அழித்ததும் அழற்சி பரவியது, நரம்பணுக்கள் கூடுதலாக மடிந்தன, எலிகளின் நடை இன்னும் மோசமானது. தழும்பு இல்லையென்றால் அறுந்த நரம்பிழைகள் வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கையையும் 2016இல் இன்னொரு ஆய்வு அசைத்துவிட்டது, அவை வளரவில்லை. மறுபக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். தழும்புப் பகுதியில் சேரும் சில சர்க்கரைப் புரதங்கள் நரம்பிழைகளைத் தடுக்கத்தான் செய்கின்றன. அவற்றை மட்டும் ஒரு நொதியால் அரித்தபோது எலிகளில் கொஞ்சம் வளர்ச்சி தெரிந்தது. ஆக, வேலியில் சில முட்களை எடுக்கலாம். வேலியையே பிடுங்கலாமா?

எனக்கு உண்மையில் கவலை தருவது மைக்ரோகிளியாதான். பலத்த தலைக்காயத்திலிருந்து மீண்டு, பல ஆண்டுகள் கழித்து இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தபோது, சிலரிடம் அவை இன்னும் கிளர்ந்த நிலையிலேயே இருந்தன. எல்லோரிடமும் அல்ல. காவலுக்கு வந்தவர்களை எப்போது, எப்படித் திருப்பி அனுப்புவது என்பதுதான் இன்று பலரும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி.

நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை போடும் செல்களும் அடியில் மடிகின்றன. ஒரு செல் பல இழைகளுக்கு உறை போடுவதால் ஒன்று போனாலும் பல இழைகள் அம்மணமாகிவிடும். செய்தி தாமதமாகப் போகும். ஆனால் அவற்றின் இளம் செல்கள் மூளையில் எப்போதும் இருப்பில் உண்டு, அடிபட்ட இடத்தில் அவை பெருகவும் செய்கின்றன. பாஸ்கருக்குச் சொற்கள் மெதுவாக வருவது இதனால்தான் என்று நான் சொல்ல முடியாது. அவனை அவசரப்படுத்தாதே என்று மட்டும் சொல்வேன்.

இரவில் அவன் எத்தனை மணி நேரம் தூங்குகிறான், தலைவலி காலையிலா மாலையிலா என்று அடுத்த கடிதத்தில் எழுது. உன் தூக்கத்தைப் பற்றியும் எழுது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

என்றும் உன்,
சுமதி