கவுன்சிலிங் போய்க்கொண்டிருக்கிறேன், செல்வி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சீரியல் இப்போது பளிச்சென்று தெரிகிறதாம்.

"நான் எதுக்கும் லாயக்கில்லடி" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. வருஷக்கணக்காக நானும் அதையே முணுமுணுத்தவள்தான். ஆடி மாசத்திலிருந்து ஒரு சைக்காலஜிஸ்டிடம் போய் வருகிறேன்.

அந்த மேடம் தட்டிக்கொடுக்கிற ரகம் இல்லை. முதலில் ஒரு தாளைக் கொடுத்தார். நம்மை நாமே எவ்வளவு மதிக்கிறோம் என்று அளக்கிற தாள் அது. ரோசன்பர்க் என்ற அமெரிக்கர் 1965-இல் வெளியிட்டது, பத்தே வாக்கியம். பெருமைப்பட என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிற வரிக்கு யோசிக்காமல் ஆமாம் என்று டிக் அடித்தேன். "இதை உங்களுக்கு முதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டார். அக்கா மார்க்கையும் என் மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த வீடு, உனக்குத் தெரியாததா!

பிறகு வீட்டுப்பாடம். யாராவது "சாம்பார் பிரமாதம்" என்றால் "உப்பு தூக்கலா இருக்குல்ல?" என்பேனே, அதைச் சொல்லக் கூடாது. "தேங்க்ஸ்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னாலேயே, என்ன ஆகும் என்று பயப்படுகிறேனோ அதை நோட்டில் எழுதிவிட வேண்டும். 'தலைக்கனம் பிடிச்சவன்னு நினைப்பாங்க' என்று எழுதி, 100-க்கு 80 நிச்சயம் என்று போட்டேன். நாத்தனார் சாப்பிட வந்தார், பாராட்டினார். "தேங்க்ஸ் அண்ணி" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. அவரோ இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு மகனுடைய காலேஜ் ஃபீஸைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். ராத்திரி 80-ஐ அடித்துவிட்டு 30 என்று எழுதினேன்.

என்னைப் பற்றி நான் நினைப்பதையும் இப்படிச் சரிபார்க்கலாம் என்பதே எனக்குப் புதுசு. சில நாள் அழுதுவிட்டுத்தான் வருகிறேன். ஆபீஸில் யாராவது முகம் சுளித்தால் பழைய பேச்சு உள்ளே ஓடத்தான் செய்கிறது. ஆனால் முன்பு போல நாள் முழுக்க ஓடுவதில்லை.

உனக்கு நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் போடு. மனசு சரியில்லாதவர்கள் பேசுவதற்கென்று டெலி மானஸ் என்ற பெயரில் 2022-இல் மத்திய அரசு ஆரம்பித்தது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பைத்தியத்துக்குத்தான் டாக்டர் என்று உன் மாமியார் சொல்வார். என் மாமியாரும் சொன்னார். சொல்லட்டும்டி.

தீபாவளிக்கு வருகிறாய்தானே? டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. போன் பண்ணினாயா என்று மட்டும் மறக்காமல் எழுது.

பிரியமுடன்,
கலா