நாய்களைப் பிடித்தவர்களுக்கும் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்களுக்கும்

அன்புள்ள டாக்டருக்கும் வலை பிடித்த தம்பிகளுக்கும் வணக்கம்.

எங்கள் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய்க்கு ஊசியும் போட வந்தீர்கள். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நாய் பிடிப்பது லேசான வேலையில்லை. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் துரத்தினால் நாய் பின்வாசல் வழியே போய்விடும். பாதி வீடுகள் வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் ஆச்சிமார் வந்து திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பின்கட்டு நாய்களுக்குப் பிரசவ வார்டு. வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் அண்ணன் சாவிக்கொத்தோடு முன்னால் போய்க் கதவு கதவாகத் திறந்துவிடாமல் இருந்திருந்தால், குட்டி போட்ட நாய் ஒன்றுகூடச் சிக்கியிருக்காது. முதல் நன்றி அவருக்குத்தான்.

அடுத்த நன்றி கடல் தாண்டிப் போகிறது. கருத்தடை அறுவைக்கு டாக்டர் பயிற்சி எடுத்தது ஊட்டியில், பிரிட்டனைச் சேர்ந்த வேர்ல்டுவைடு வெட்டர்னரி சர்வீஸ் நடத்தும் மையத்தில். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் என்றால் பணம் அனுப்பிவிட்டு போட்டோ கேட்பவர்கள் என்றுதான் எனக்கு நினைப்பு. இவர்கள் நம்மூர் டாக்டர்களுக்குக் கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மயக்கத்தில் கிடந்த நாயின் கண் காய்ந்துவிடாமல் களிம்பு தடவியதையும், நாக்கை ஒரு பக்கமாக எடுத்துவிட்டதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். எத்தனை சின்னத் தையல்! காதோரத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு, கருத்தடை ஆன நாய் என்று தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய.

அதே அமைப்பு 2013-ல் தொடங்கிய மிஷன் ரேபிஸ் என்ற திட்டம், கோவா அரசோடு சேர்ந்து வருஷா வருஷம் நாய்களுக்கு ரேபிஸ் ஊசி போட்டது. 2021-ல் அந்த மாநிலத்தை ரேபிஸ் கட்டுக்குள் வந்த பகுதியாக அறிவித்தார்கள். பத்துக்கு ஏழு நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவ வழி கிடைக்காது என்பதுதான் கணக்கு. (கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் வேலையைச் சென்னையின் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் 1964-லேயே ஆரம்பித்துவிட்டது. அதையும் வெள்ளைக்காரர் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.)

பிடித்ததை ஏன் திரும்ப இங்கேயே விடுகிறீர்கள் என்று தெருவில் சிலர் சண்டைக்கு வந்தார்கள். டாக்டர் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: ஊசி போட்ட நாய் போனால் அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய் வரும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சத்தம் குறைந்தது, அவ்வளவுதான்.

அப்புறம், பள்ளிக்கூடத்தில் நீங்கள் சொன்னதைப் பிள்ளைகள் இன்னும் ஒப்பிக்கிறார்கள். கடித்தால் மஞ்சள் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்த வருஷ ஊசிக்கு வரும் தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அண்ணன் சாவிகளை வாங்கி வைக்க வேண்டும். இந்த முறைபோல வெள்ளைப் பணியாரத்தை நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓட விடமாட்டோம். இலை போட்டுத்தான் சாப்பாடு.

நன்றியுடன்,
தெருக்காரர்கள் சார்பில்