மோதிரம் எங்கே என்று கேட்டாயே

அன்புத் தம்பிக்கு,

போன ஞாயிறு வீடியோ காலில் "அண்ணே, கையில மோதிரத்தைக் காணோம்?" என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் கழற்றி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அது பொய். நீயும் சிங்கப்பூர் வேலைக்கு வர டெஸ்ட் (தொழில் திறன் பரீட்சை) அடிக்கப் போகிறாய் என்பதால் உனக்கு மட்டும் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அம்மாவிடம் இப்போது வாசித்துக் காட்டாதே.

ஆறு வாரத்துக்கு முன்னால் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரசர் உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். மூன்று டன். கிரேன் போய்விட்டது, மெஷின் ஃபவுண்டேஷன் மேல் ஜாக்கியில் நிற்கிறது, லெவல் பார்த்து அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்து இறக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு தகடு கோணலாகப் போய்விட்டது, அதை விரலால் தள்ளினேன். "கொஞ்சம் பொறு" என்றேன், தமிழில். ஜாக்கியில் இருந்தவன் பங்களாதேஷ் பையன், இறக்கச் சொல்கிறேன் என்று நினைத்து வால்வைத் திறந்துவிட்டான். இடது கை மோதிர விரல் உள்ளே.

கிளவுஸ் போட்டிருந்தேன்டா. தகட்டு விளிம்பு கீறாமல் அது காப்பாற்றும், மூன்று டன்னுக்கு அது வெறும் துணி. விரல் வீங்க வீங்க மோதிரம் இறுக்கிக்கொண்டது, ஆஸ்பத்திரியில் சின்ன கட்டர் வைத்து அறுத்துத்தான் எடுத்தார்கள். அம்மா ஏர்போர்ட்டில் போட்டுவிட்ட மோதிரம் என்று சைட்டிலும் கழற்றாமல் இருந்தேன், அது என் தப்பு. போல்ட்டிலோ கம்பியிலோ மோதிரம் மாட்டினால் சதையோடு உரித்துக்கொண்டு போய்விடும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு நகமும் நுனி எலும்பில் கொஞ்சமும் போயிற்று. விரல் இருக்கிறது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை, ராத்திரி என் கட்டில் பக்கம் வந்து அழுதான். சாயங்காலம் நாலரை மணி, திரும்பிப் போக லாரி வந்து நிற்கிறது, சிக்னல் கொடுக்க என்று தனியாக ஆளில்லை, அவனவன் அவனவன் பாஷையில் பேசுகிறோம், அதனால் வந்ததுதான். இப்போது எங்கள் குரூப்பில் ஒருவன்தான் இறக்கச் சொல்வான், "ஸ்டாப்" மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தலாம்.

மெஷின் கிரேனில் தொங்கும்போது எல்லோருக்கும் பயம் இருக்கிறது, தள்ளி நின்று கயிறு பிடிக்கிறோம். தரையைத் தொடப்போகும் கடைசி அரை இஞ்சில்தான் தைரியம் வந்து கையை அடியில் விடுகிறோம். தகடு நகர்த்த நீளமான பட்டைக் கம்பி எடு. ஜாக்கியை மட்டும் நம்பாதே, நழுவினாலும் மெஷின் உட்கார பக்கத்திலேயே கட்டை கொடுத்து வை. போல்ட் ஓட்டை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் உன் பட்டறையிலும் இருக்கும், அதை இன்றைக்கே விடு. அப்புறம், யாருக்காவது விரல் துண்டாகிவிட்டால் அதை நேராக ஐஸில் போடக் கூடாது, சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும்.

இன்னொன்று. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சூப்பர்வைசர், "ரூம் கதவில் நசுங்கியது என்று சொல்" என்றார். ஒரு நிமிஷம் எனக்கும் பயம்தான், வேலை பர்மிட் போய்விடுமோ, கடன் இன்னும் அடையவில்லையே என்று. ஆனாலும் டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். வேலையில் அடிபட்டால் தப்பு யாருடையது என்று பார்க்காமல் இழப்பீடு கொடுக்கச் சட்டம் இருக்கிறது இங்கே, வைத்தியச் செலவு முதலாளியுடையது, எம்சி (டாக்டர் எழுதித் தரும் லீவு) நாட்களில் முதல் 14 நாளுக்கு, ஆஸ்பத்திரி லீவு என்றால் 60 நாள் வரை, முழுச் சம்பளம். ஒரு வருஷத்துக்குள் கிளெய்ம் போட வேண்டும். கதவு என்று சொல்லியிருந்தால் இதெல்லாம் கிடைக்குமா? மனிதவள அமைச்சில் பதிவாகிவிட்டது. காயம் நன்றாக ஆறியபிறகு எவ்வளவு ஊனம் என்று டாக்டர் பார்த்து எழுதுவார்.

இப்போது லைட் டூட்டி. பூட்ஸ் கயிறு கட்டுவதும் துணி பிழிவதும்தான் கஷ்டம், அந்தப் பையன்தான் செய்து தருகிறான்.

மோதிரம் இரண்டு துண்டாக என் பையில் பத்திரமாக இருக்கிறது. அம்மாவிடம் நானே வந்து காட்டிச் சொல்லிக்கொள்கிறேன். நீ நாளைக்குப் பட்டறைக்குப் போகும்போது உன் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ.

உன் அண்ணன்