ஈசாக்குக்கு ஜோடி இபிஜெனியா அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பலி பற்றிய கட்டுரை, பைபிளில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போனதும் கிரேக்க மன்னன் அகமெம்னன் தன் மகள் இபிஜெனியாவைப் பலியிட்டதும் ஒரே கதைதான் என்கிறது. கடைசி நேரத்தில் அங்கே பெண்ணுக்குப் பதிலாக மான் வந்தது, இங்கே பையனுக்குப் பதிலாக ஆட்டுக்கடா வந்தது, அவ்வளவுதானாம். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளின் குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பழகிய என்னால் இதைச் சும்மா விட முடியவில்லை.

டிராய் நகரத்தின்மேல் படையெடுக்கக் கிளம்பிய அகமெம்னனின் கப்பல்கள் அவுலிஸ் துறையில் முடங்கிக் கிடக்கின்றன. வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் கோபம், மகளைக் கொடுத்தால் டிராய்க்குப் போகலாம் என்கிறான் குறிசொல்லி கால்காஸ். சுத்தமான பேரம். மாவீரன் அக்கிலீசுடன் கல்யாணம் என்று பொய் சொல்லிப் பெண்ணை வரவழைக்கிறார்கள். அந்த மானும் எல்லாக் கதையிலும் வருவதில்லை. பழைய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகத்தில் அவள் வாயைக் கட்டி, வெள்ளாட்டைத் தூக்குவதுபோல் பலிபீடத்தின் மேல் தூக்குகிறார்கள். அதற்குமேல் நாங்கள் பார்க்கவுமில்லை, சொல்லவும் மாட்டோம் என்று முதியவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆபிரகாமிடம் எந்தப் பேரமும் பேசப்படவில்லை. ஜெயிக்க வேண்டிய போரும் இல்லை. ஈசாக்கின் வழியாகத்தான் உன் சந்ததி என்று வாக்குக் கொடுத்த கடவுளே அந்த ஈசாக்கைக் கேட்கிறார். பிள்ளை போனால் வாக்கும் போச்சு. மோரியா மலைக்கு மூன்று நாள் நடந்தவருக்கு இந்த முடிச்சு அவிழவே இல்லை.

அகமெம்னனுக்கு ஜோடி தேடினால் பைபிளிலேயே நியாயாதிபதிகள் நூலின் 11-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலின் படைத்தலைவன் யெப்தா இருக்கிறான். அம்மோனியரை ஜெயித்தால், என் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிர்கொண்டு வருவதைத் தகனபலியாக்குவேன் என்று நேர்ந்துகொண்டான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வந்தவள் ஒரே மகள். வானத்திலிருந்து ஒரு குரலும் வரவில்லை. கடவுள் கேட்காத பலி என்பதால் யூத மத ஆசான்களான ரபிகள் யெப்தாவைச் சும்மா விடவில்லை. ஆசாரியன் பினெகாஸ் அந்த நேர்த்தியை ரத்து செய்திருக்கலாம். படைத்தலைவன் நான் அவனிடம் போவதா என்று இவனும், பிரதான ஆசாரியன் நான் இவனிடம் போவதா என்று அவனும் இருந்துவிட, நடுவில் பெண் செத்தாள் என்கிறது அவர்களுடைய மித்ராஷ் விளக்கம்.

கட்டுரையின் தொடர்ச்சி வருமானால் யெப்தாவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை