பந்தயச் சாரதிகளும் சிமுலேட்டர் பயிற்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினியில் கார் ஓட்டிப் பழகுவது வெறும் பொழுதுபோக்கு என்ற தொனியில் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான குறிப்பு தொடர்பாக இதனை எழுதுகின்றேன்.

போர்மியூலா 1 பருவகாலத்தின் நடுவே காரை ஓடுபாதையில் சோதித்துப் பார்ப்பது 2009 முதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளதால், அணிகள் தமது தொழிற்சாலைகளிலுள்ள சிமுலேட்டர்களையே (உண்மையான காரை ஓட்டுவது போன்ற அனுபவத்தைத் தரும் கணினிக் கருவிகளையே) பெரிதும் நம்பியிருக்கின்றன. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் கார் சரிவர ஓடாவிட்டால், அன்றிரவே தொழிற்சாலையில் வேறொரு சாரதி சிமுலேட்டரில் அமர்ந்து, காரின் அமைப்பில் செய்த மாற்றங்களை ஓட்டிப் பார்த்து, சனிக்கிழமைக்குள் முடிவைத் தெரிவிக்கின்றார். தரமான கருவிகளில் பிரேக் மிதி எவ்வளவு தூரம் அமிழ்கின்றது என்பதைவிட, கால் கொடுக்கும் அழுத்தமே அளக்கப்படுகின்றது. ஆகவே வளைவுக்கு முன் எவ்வளவு மிதிப்பது என்பது காலுக்கே பழகிவிடுகின்றது.

குறை இல்லாமலில்லை. வளைவுகளில் சாரதியின் கழுத்தை இழுக்கும் விசையைச் சிமுலேட்டரால் முழுமையாகத் தர இயலாது. ஏழு முறை உலகச் சம்பியனான மைக்கேல் ஷூமாக்கருக்கே அதில் தலைசுற்றல் ஏற்பட்டதுண்டு. ஆயினும், வீடியோ விளையாட்டுப் போட்டியொன்றின் மூலம் 2011இல் பந்தயச் சாரதியாகத் தெரிவான யான் மார்டன்பரோ, 2013இல் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணிநேரக் கார்ப் பந்தயத்தில் தமது அணியினருடன் அவர்களது பிரிவில் மூன்றாமிடம் பெற்றார்.

பந்தய ஓடுபாதை இல்லாத எமது மாவட்டத்தில், இரவில் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை முறுக்கும் இளைஞர்களுக்கு இது பாதுகாப்பான வழி. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒரு கருவியையாவது நிறுவுவது குறித்து உரியவர்கள் பரிசீலிக்க வேண்டும்.

வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு.