வீட்டு ரேடியோவுக்கு யார் கணக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பண்பலை நேயர்களைக் கணக்கெடுத்த 'ராம்' அளவீடு 2007இல் மும்பை, டெல்லி, பெங்களூருவில் தொடங்கி, பிறகு கொல்கத்தாவுக்கும் போனது. எதைக் கேட்டோம், எவ்வளவு நேரம் என்று நேயரே நாட்குறிப்பில் எழுதித் தர வேண்டியிருந்தது. அந்த நான்கு நகரங்களில் சென்னையே இல்லை. எங்கள் திண்டுக்கல்லை யார் கேட்பார்கள்?

சரி, கேட்டாலும் என்ன எழுதுவது? காலையில் அடுப்படியில் ரேடியோ பாடத் தொடங்கும். செய்தி என்றால் மாமியார் காது கொடுப்பார். குக்கர் விசிலில் பாதி போய்விடும். பிள்ளைகளுக்கு அது கடிகாரம், இந்த நிகழ்ச்சி முடிந்தால் பள்ளி வேன் வந்துவிடும். எனக்கோ, பாட்டு நின்றால்தான் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரியும். இதில் யாருக்கு எத்தனை நிமிடம் போடுவது?

அமெரிக்காவில் உடம்போடு வைத்துக்கொள்ளும் சிறு கருவி உண்டு. ஒலிபரப்பில் கலந்திருக்கும், நம் காதுக்குப் பிடிபடாத குறியீட்டை வைத்து நேரத்தைத் தானே பதிந்துகொள்ளும். ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. ஆனால், ஒலி எட்டியது என்று மட்டுமே அது சொல்லும்; கவனித்தோமா என்று சொல்லாது.

விளம்பரப் பணம் இப்படிப்பட்ட எண்களைப் பார்த்துத்தான் போகிறது. அடுத்த முறை கணக்கெடுப்பவர்கள் சிறு நகரங்களுக்கும் வரட்டும். தனி ஆளை மட்டும் கேட்காமல், வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்கட்டும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்