பந்தய நாளில் பாலுக்கு வழி கேட்டு மனு

சிங்கப்பூர், மார்ச் 1962

பெறுநர்: சாலை அடைப்புக்கு அனுமதி வழங்கும் அதிகாரி அவர்கள்

பொருள்: அப்பர் தாம்சன் ரோட்டில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும் நாட்களில் பால்காரர்கள் ரோட்டைக் கடக்க அனுமதி கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். அப்பர் தாம்சன் ரோட்டுக்கும் பழைய அப்பர் தாம்சன் ரோட்டுக்கும் நடுவே கொட்டகை போட்டு மாடு வளர்த்துப் பிழைப்பவர்கள் நாங்கள். சென்ற செப்டம்பரில் பந்தயம் முடிந்த கையோடு ஒரு மனு கொடுத்தோம். தீபாவளி கழித்து இன்னொன்று கொடுத்தோம். இரண்டுக்கும் பதில் இல்லை. இந்த வருஷமும் பந்தயம் உண்டு என்று கேள்விப்பட்டு மறுபடியும் எழுதுகிறோம்.

1. பந்தயத்தின் மேல் எங்களுக்குப் பகை கிடையாது. ஓரியண்ட் இயர், அதாவது கீழை நாட்டு வருஷம், என்று பேர் வைத்து சுற்றுப்பயணிகளை வரவழைக்க நடத்தினார்கள். இளவட்டங்கள் ரோட்டில் திருட்டுத்தனமாக வண்டி விரட்டுவதும் குறையும் என்றார்கள். சரி, நல்லது. இயன் பார்ன்வெல் ஆஸ்டன் மார்ட்டின் காரில் ஜெயித்ததை நாங்களும்தான் வேலியோரம் நின்று பார்த்தோம். வேறு எங்கே போவது?

2. தாங்கள் அறிந்த இடம்தான். இரண்டு ரோடும் சேர்ந்தால் சுமார் 3 மைல் வளையம். எங்கள் வீடும் மாடும் உள்ளே, வாடிக்கை வீடுகளும் புல் அறுக்கும் இடமும் வெளியே. ரோட்டை அடைத்துவிட்டால் நாங்களும் அடைபட்டோம்.

3. பால்தான் ஐயா எங்கள் பெரிய கவலை. விடியற்காலைப் பாலை ரோடு அடைக்குமுன் எப்படியோ கொண்டுபோய்விட்டோம். மத்தியானக் கறவைதான் மாட்டிக்கொண்டது. மோட்டார் சைக்கிள் இரைச்சலில் பாதி மாடுகள் பாலை எக்கிக்கொண்டன. கன்றை அவிழ்த்துவிட்டும் இறங்கவில்லை. கறந்த மட்டும் கேனில் ஊற்றி, சைக்கிளில் கட்டி, ரோட்டோரம் காத்துக் கிடந்தோம். ஒரு பந்தயம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் இடைவேளை விடுகிறார்களே, அப்போதாவது விடுங்கள் என்று கேட்டதற்கு, பாஸ் இருக்கிறதா என்றார் காவலுக்கு நின்றவர். பாலுக்கு யார் பாஸ் கொடுத்தார்கள்? வெயிலில் கேன் சுட்டது. திரும்பிக் கொண்டுபோய்க் காய்ச்சினால் திரிந்துவிட்டது. பயிற்சி நாளிலும் இதே கதி. எவ்வளவுதான் தயிர் உறைய வைப்பது, யாருக்குத்தான் கொடுப்பது? பால் வராத வீடுகளில் டின் பால் வாங்கினார்கள். சில வீடுகளில் இன்றுவரை டின் பால்தான். பழைய பாக்கியையும் தர மாட்டேன் என்கிறார்கள். புல்லும் வராமல் மாடுகள் கத்திய கத்தலைப் பந்தய இரைச்சலிலும் நாங்கள் கேட்டோம், வேறு யாருக்கும் கேட்கவில்லை.

4. பந்தயம் இந்த ஊருக்குப் புதிதா? ஜப்பான் சண்டைக்கு முன்பே, 1940-ல், பக்கத்து ஜோகூரில் கிராண்ட் பிரி பந்தயம் நடந்தது. இங்கே கேப் என்கிற மேட்டு ரோட்டில் வண்டிகள் மேடேறும் பந்தயம் வைப்பார்கள். ஒரு வண்டி ஏறியபின் அடுத்தது, நடுவில் மூச்சுவிட நேரம் இருக்கும். லிம் சூ காங் விமான ஓடுபாதையிலும் ஓட்டினார்கள். ஓடுபாதையில் குடியிருப்பவர் யாருமில்லை. இங்கே பஸ் ஸ்டாப்பும் விளக்குக் கம்பமும் பெரிய கால்வாயும் வளைவுக்கு வளைவு நிற்கிற ரோட்டைத் தேடிப்பிடித்தது ஏன்? ஓட்டுகிறவர்களுக்கே ஆபத்தான இடம். அதைச் சொல்ல நாங்கள் யார், பால்காரர்கள்!

5. நாங்கள் நஷ்ட ஈடு கேட்கவில்லை. பால் சைக்கிளுக்குப் பாஸ் கொடுங்கள். மத்தியான இடைவேளையில் கொடி பிடிப்பவர் கை காட்டினால் கால் மணி நேரத்தில் எல்லோரும் கடந்துவிடுவோம். புல் கட்டோடு வருகிறவர்களையும் அப்படியே உள்ளே விடுங்கள்.

6. பாஸ், ஐயா. பாஸ் மட்டும்.

முடியாது என்றால் முடியாது என்றாவது ஒரு வரி எழுதிப் போடுங்கள். சினை மாடுகளையாவது முன்கூட்டியே சொந்தக்காரர் கொட்டகைக்கு ஓட்டிப்போய்விடுகிறோம். ரோடு அடைக்கும் தேதிக்கு முன்பே பதில் வேண்டும் என்று மறுபடியும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
அப்பர் தாம்சன் ரோட்டுப் பால்காரர்கள்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் பின்பக்கம்)